கிராக்கோவில் நடந்து பழக: பூங்காக்களும் விஸ்துலா ஆற்றங்கரையும், புதிதாக வந்தவர்களுக்கு

படிப்புக்கோ வேலைக்கோ போலந்தின் கிராக்கோவ் நகருக்கு வந்து இறங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே பிரதான சதுக்கத்தைப் பார்த்துவிடுகிறார்கள். வாவெல் கோட்டை முன்னால் நின்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அப்புறம் அறை, வகுப்பு அல்லது அலுவலகம், மளிகைக் கடை என்று மூன்று இடத்துக்குள் வாழ்க்கை அடங்கிவிடுகிறது. நவம்பரில் இருட்டும் குளிரும் சேர்ந்தால் அதுவும் சுருங்கிப்போகும். அப்படிச் சுருங்குவதற்கு முன்னால் நடக்கத் தொடங்குங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்த ஊரில் நடப்பதற்கு மலையேறும் சப்பாத்தும் வேண்டாம், காரும் வேண்டாம். காரணம், இங்கே பசுமை ஊருக்கு வெளியே ஒதுங்கி நிற்கவில்லை. இடித்த கோட்டை மதில் ஒரு பூங்காவாகியிருக்கிறது. மூடிய ஆற்றுக் கிளை மரவரிசையாகியிருக்கிறது. கைவிட்ட கல் குவாரி குளமாகியிருக்கிறது. எல்லாம் நகரத்தின் நடுவே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகின்றன. ஒரு நடையின் முடிவில் நின்றால் அடுத்த நடையின் தொடக்கம் தெரியும். அதனால் கீழே சொல்லும் வரிசையிலேயே போனால், சில வாரங்களில் வரைபடத்தைப் பார்க்காமலே ஊர் பிடிபட்டுவிடும்.

கிளம்பும் முன்

முதலில் வெளிச்சம். டிசம்பரில் மாலை 3:40 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு 9 மணி நெருங்கும்வரை வெளிச்சம் இருக்கும். நம் ஊரில் ஆண்டு முழுக்க ஆறு, ஆறரைக்கு அந்தி என்று பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் உடம்பிலேயே தெரியும். ஆகவே குளிர்காலத்தில் சாயங்கால நடை என்று திட்டம் போடாதீர்கள். காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குள் நடந்து முடியுங்கள். கோடையில் இதற்கு நேர்மாறு: இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக்கூட ஆற்றங்கரைக்குப் போகலாம்.

அடுத்து காற்று. கிராக்கோவ் ஒரு பள்ளத்தாக்கில் கிடக்கிறது, காற்றோட்டம் குறைவு. வீடுகளில் நிலக்கரி எரித்துக் குளிர்காய்ந்த காலத்தில் குளிர்காலப் புகைமூட்டத்துக்குப் பேர் போன ஊர் இது. 2019 செப்டம்பர் 1 முதல் நகர எல்லைக்குள் நிலக்கரியும் விறகும் எரிப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. காற்று முன்பைவிட நன்றாகிவிட்டது. ஆனாலும் சுற்றுப்புற ஊர்களின் புகை, காற்று அசையாத நாட்களில் உள்ளே வந்து தேங்கும். நவம்பர் முதல் மார்ச் வரை, கிளம்புமுன் 'ஏர்லி' செயலியில் ஒரு பார்வை பாருங்கள். சிவப்பாக இருந்தால் அன்றைக்கு நடையை விட்டுவிடுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் இதில் பிடிவாதமாக இருப்பது நல்லது.

உடை விஷயத்தில் ஒரே ஒரு கனத்த கோட்டை நம்புவதைவிட, மெல்லிய துணி இரண்டு மூன்று அடுக்காக அணிவது மேல். நடந்து சூடானதும் ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். காதும் விரலும்தான் முதலில் வலிக்கும். தொப்பியும் கையுறையும் அக்டோபரிலேயே பையில் இருக்கட்டும். வாவெலைச் சுற்றிக் கல் பாவிய தெருக்கள் நிறைய. மழுங்கிய அடிப்பாகம் கொண்ட காலணி அங்கே ஈரத்தில் வழுக்கும்.

சாலை விதிகளை இங்கே விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. கார் வரவே இல்லை என்றாலும் சிவப்பு விளக்கில் கடந்தால் போலீஸ் அபராதம் போடும். வரிக்குதிரைக் கோட்டில் கால் வைக்கும் பாதசாரிக்கு 2021 முதல் வண்டிகள் வழிவிட வேண்டும், ஆனால் டிராமுக்கு அது பொருந்தாது. டிராம் நிற்காது, நாம்தான் நிற்க வேண்டும். கடக்கும்போது கைபேசித் திரையைப் பார்ப்பதும் சட்டப்படி தவறு. இன்னொன்று, சிவப்பு நிறத் தளமோ சைக்கிள் படமோ போட்ட பாதையில் நடக்காதீர்கள். புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி திட்டு வாங்குவது இதற்குத்தான். சைக்கிளும் மின்சார ஸ்கூட்டரும் வேகமாக வரும், மணி அடிக்கும் நேரத்துக்குள் மோதிவிடும்.

டிராமுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே டிக்கெட்தான். காகித டிக்கெட் வாங்கினால் வண்டியில் ஏறியதும் அங்கிருக்கும் சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லையென்றால், பரிசோதகருக்கு அது டிக்கெட் இல்லாத பயணம்தான். 'யாக்தோயாடே' செயலியில் வழியும் பார்க்கலாம், டிக்கெட்டும் வாங்கலாம். வதிவிட அட்டையையோ பாஸ்போர்ட்டையோ உடன் வைத்திருங்கள்.

கழிப்பறைக் கதவில் ஆண், பெண் படம் இல்லாமல் ஒரு முக்கோணமும் ஒரு வட்டமும் மட்டும் இருக்கும் இடங்கள் உண்டு. முக்கோணம் ஆண்களுக்கு, வட்டம் பெண்களுக்கு. பொதுக் கழிப்பறைகள் பலவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டும், சில்லறை வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான பெரிய கடைகள் மூடியிருக்கும், திறந்திருப்பது ஆண்டில் சில ஞாயிறுகள் மட்டுமே. பச்சைப் பலகை போட்ட 'ஜாப்கா' சிறுகடைகள் பல திறந்திருக்கும். இருந்தாலும் சனிக்கிழமையே பிஸ்கட்டும் பழமும் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. வீட்டிலிருந்தே பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் நடை: பிளான்ட்டி வளையம்

இங்கிருந்து தொடங்காமல் வேறு எங்கும் போகாதீர்கள் என்பேன். பழைய நகரத்தைச் சுற்றி வளையமாக ஓடும் பூங்கா பிளான்ட்டி. சுமார் 4 கி.மீ. நீளம், 21 ஹெக்டேர் பரப்பு. மேடு பள்ளம் இல்லை. நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரம், உட்கார்ந்து உட்கார்ந்து போனால் ஒன்றரை மணி.

இந்த வளையம் இருக்கும் இடத்தில்தான் இடைக்காலக் கோட்டை மதில் இருந்தது. ஏறத்தாழ 3 கி.மீ. மதில், 47 கோபுரங்கள், 8 வாசல்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதில் சிதைந்து, அகழி சாக்கடையாகிக் கிடந்தது. இடித்துத் தள்ள முடிவானது. ஃபெலிக்ஸ் ரத்வான்ஸ்கி என்ற பேராசிரியர் வாதாடித்தான் வடக்குப் பக்கத்தில் ஒரு துண்டு தப்பியது. இடித்த இடத்தில் 1822 முதல் 1830 வரை மரம் நட்டுப் பாதை போட்டார்கள். ஃப்ளோரியான் ஸ்ட்ராஷெவ்ஸ்கி அந்த வேலையை முன்னின்று நடத்தியவர். நிலத்தை வீடு கட்ட விற்றிருந்தால் நல்ல காசு பார்த்திருக்கலாம். அதைச் செய்யாமல் எல்லோருக்குமான நடைபாதையாக விட்ட அந்த முடிவுக்கு இந்த ஊர் இன்றும் கடன்பட்டிருக்கிறது.

கிராக்கோவ் க்ளூவ்னி ரயில் நிலையத்திலிருந்து தொடங்குங்கள். நிலையத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தைத் தாண்டி, சுரங்கப் பாதையில் இறங்கி மறுபக்கம் ஏறினால் மரங்களுக்குள் வந்துவிடுவீர்கள். அங்கே மேற்குப் பக்கம் திரும்புங்கள். ஒரே விதிதான்: பழைய நகரம் எப்போதும் உங்கள் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். இதை மட்டும் மனதில் வைத்தால் வழி தவறவே முடியாது. வளையம் உங்களைத் திரும்பவும் இதே இடத்தில் கொண்டுவந்து விடும்.

சில நிமிடங்களில் பார்பகான் வரும். 1498–99-இல் கட்டிய வட்டமான செங்கல் கோட்டை, ஏழு சிறு கோபுரங்கள், மூன்று மீட்டருக்கும் மேல் தடித்த சுவர். இடது பக்கம் ஃப்ளோரியான்ஸ்கா வாசலும் ஒட்டிய மதில் துண்டும். ரத்வான்ஸ்கி காப்பாற்றியது இவற்றைத்தான். உள்ளே நுழைந்து சதுக்கத்துக்குப் போய்விட வேண்டாம், அது இன்னொரு நாளைக்கு. தொடர்ந்து நடந்தால் பாதை தெற்கே வளையும். வழி நெடுக, தரையில் தாழ்வான கல் அடையாளங்கள் பழைய மதிலும் கோபுரங்களும் நின்ற இடத்தைக் காட்டும். அவற்றைத் தேடிக்கொண்டே போவது குழந்தைகளோடு வருபவர்களுக்கு நல்ல விளையாட்டு.

மேற்குப் பக்கத்தின் நடுவில் சிவப்புச் செங்கல்லில் உயரமான ஒரு கட்டடம் தெரியும். யாகியெல்லோனியப் பல்கலைக்கழகத்தின் கொலேஜியம் நோவும் அது. பக்கத்தில் கோப்பர்னிக்கஸ் சிலை. 1491 முதல் 1495 வரை அவர் இந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர். இங்கே பெஞ்சுகள் நிறைய, மாணவர் கூட்டமும் எப்போதும் இருக்கும். யாராவது உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் இடம் கேட்க 'மோஷ்னா?' என்று ஒரு வார்த்தை போதும், தலையசைப்பார்கள். தெரியாதவர்களைப் பார்த்து இங்கே யாரும் சிரிப்பதில்லை. அதைக் கோபம் என்றோ ஒதுக்குதல் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். வழி கேட்டுப் பாருங்கள், நின்று நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

தெற்கு முனையில் வாவெல் குன்று. அங்கே வளையம் கொஞ்சம் குழம்பும். கோட்டை அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பினால் மரங்கள் மறுபடி கிடைக்கும். கிழக்குப் பக்கம் ஒப்பீட்டளவில் அமைதியானது. 1893-இல் திறந்த ஸ்வோவாட்ஸ்கி நாடக அரங்கம் கண்ணில் பட்டால் வளையம் முடியப்போகிறது என்று பொருள்.

பிளான்ட்டியின் பெரிய மரங்களில் நிறைய, குதிரைச் செஸ்ட்நட். மே மாதத்தில் வெள்ளைப் பூக்கொத்து நிமிர்ந்து நிற்கும், அப்போது பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆகஸ்டிலேயே சில மரங்களின் இலை பழுப்பேறிவிடும். இலையைக் குடையும் ஒரு சின்ன அந்துப்பூச்சியின் வேலை அது, இலையுதிர்காலம் சீக்கிரம் வந்துவிடவில்லை. செப்டம்பரில் பளபளப்பான பழுப்பு விதைகள் கீழே உதிரும். பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவார்கள், ஆனால் சாப்பிடக் கூடாது. கடையில் வறுத்து விற்கும் செஸ்ட்நட் வேறு, இது நச்சு.

பசித்தால் தெருமுனை வண்டிகளில் வளையமான ரொட்டி கிடைக்கும், பெயர் ஒப்வஜானெக். எள், கசகசா, உப்பு என்று மேலே தூவியிருப்பார்கள். மாவை முதலில் வெந்நீரில் போட்டு எடுத்து, பிறகு சுடுவார்கள். காலையில் வாங்கினால் மெத்தென்று இருக்கும், சாயங்காலத்தில் இறுகிவிடும்.

இரண்டாம் நடை: விஸ்துலாவின் இரு கரைகள்

எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த நடை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுமார் 6 கி.மீ., இரண்டு மணி நேரம். களைத்தால் நடுவில் எந்தப் பாலத்திலும் ஏறி டிராம் பிடித்துவிடலாம் என்பதால் பயப்படத் தேவையில்லை.

வாவெல் குன்றின் அடியில், ஆற்றைப் பார்த்தபடி டிராகன் சிலை நிற்கிறது. புரோனிஸ்வாவ் க்ரோமி செய்தது, 1972 முதல் இங்கே இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை வாயிலிருந்து உண்மையான நெருப்பைக் கக்கும். குழந்தைகள் காத்திருந்து கத்துவார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரைக்கு இறங்குங்கள். ஆற்றைப் பார்த்து நின்றால், தண்ணீர் போகும் திசை உங்கள் இடது பக்கம். அந்தப் பக்கமே நடங்கள்.

கரையில் இரண்டு மட்டம் இருப்பதைக் கவனிப்பீர்கள்: தண்ணீரை ஒட்டிய தாழ்வான பாதை, பின்னால் உயர்ந்த கல் சுவர், அதற்கு மேலே தெரு. இந்தச் சுவர்கள் அழகுக்காகக் கட்டியவை அல்ல. 1903-இல் பெரிய வெள்ளம் வந்த பிறகு நகரத்தைக் காக்க எழுப்பியவை. ஆறு பெருகும்போது கீழ்ப் பாதை தண்ணீருக்குள் போகும்படித்தான் அமைத்திருக்கிறார்கள். 2010 மே மாத வெள்ளத்தை ஊர்க்காரர்கள் இன்னும் பேசுவார்கள். ஆகவே தொடர்ந்து இரண்டு மூன்று நாள் கனமழை பெய்திருந்தால் கீழே இறங்க வேண்டாம். தடுப்பு வைத்திருந்தால் அதைத் தாண்டவே கூடாது. பனி உருகும் நாட்களில் படிக்கட்டுகள் வழுக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அன்னங்கள் கரைக்கே வந்து நிற்கும். ரொட்டி போடாதீர்கள். அவற்றின் உடம்புக்கு ஆகாது.

க்ருன்வால்ட்ஸ்கி பாலத்துக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தால், இடது பக்கம் மேலே இரட்டைக் கோபுரத் தேவாலயம் தெரியும். அது ஸ்காவ்கா. 1079-இல் ஸ்தனிஸ்வாவ் ஆயர் அரசனின் ஆணையால் கொல்லப்பட்ட இடம் என்று போற்றப்படுகிறது. அதன் நிலவறையில் போலந்தின் பெரிய எழுத்தாளர்களும் கலைஞர்களும் அடக்கமாகியிருக்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற கவிஞர் செஸ்வாவ் மிவோஷ் 2004-இல் அங்கே போய்ச் சேர்ந்தார்.

இதைத் தாண்டினால் நீங்கள் காஜிமியேஷ் பகுதியின் ஓரத்தில் நடக்கிறீர்கள். அரசர் காஜிமியேஷ் 1335-இல் தனி நகரமாக நிறுவிய இடம். அந்தக் காலத்தில் விஸ்துலாவின் ஒரு கிளை இதற்கும் கிராக்கோவுக்கும் நடுவே ஓடியது. 1878–80-இல் அந்தக் கிளையை மண் போட்டு மூடினார்கள். இன்று அது டீட்லா தெரு. நடுவில் அகலமான மரவரிசையும் இருபுறமும் வண்டிகளும் ஓடும் அந்தத் தெருவை டிராமிலிருந்து பார்த்திருப்பீர்கள். ஆறு இருந்த இடம் என்று தெரிந்தபின், அது ஏன் அத்தனை அகலம், ஏன் அப்படி வளைகிறது என்பது புரிந்துவிடும். இடையில் நேரம் இருந்தால் கரையிலிருந்து ஏறி உள்ளே உள்ள நோவி சதுக்கத்துக்குப் போய் வாருங்கள். நடுவில் இருக்கும் வட்டக் கட்டடத்தைச் சுற்றி ஜாப்பியெகான்கா விற்கிறார்கள். நீளமான பாதி ரொட்டியில் காளானும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்டது. இறைச்சி சேர்த்தும் செய்வார்கள் என்பதால், சைவம் சாப்பிடுகிறவர்கள் காளான் மட்டும் போட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

பில்சுட்ஸ்கி பாலத்தை அடுத்து ஒரு நடைபாலம் வரும். பெயர் பெர்நாத்கா, 2010-இல் திறந்தது. நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் மட்டும். மேலே கம்பியில் சமநிலை பிடித்து நிற்கும் வித்தைக்காரர் உருவங்கள் தொங்குகின்றன, யேஜி கென்ஜியோராவின் சிற்பங்கள் அவை. காற்றில் ஆடும், ஆனால் விழாது. இந்தப் பாலத்தில் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் தனித்தனிப் பக்கம், படம் போட்டிருப்பதைப் பார்த்து நடங்கள்.

பாலம் தாண்டினால் போட்குஜே. போரின்போது நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ இந்தப் பகுதியில்தான் இருந்தது, 1941 முதல் 1943 வரை. பத்து நிமிடம் நடந்தால் கெட்டோ வீரர்கள் சதுக்கம். அங்கே வெறும் நாற்காலிகள் பெரிது பெரிதாக இடைவெளி விட்டு நிற்கின்றன. மக்களை முகாம்களுக்கு ஏற்றி அனுப்பிய இடம் அது. போக விரும்பினால் போங்கள், சத்தமில்லாமல் பார்த்துவிட்டு வாருங்கள். நாற்காலிகளில் சாய்ந்து படம் எடுக்கும் இடமாக அதை நினைக்க வேண்டாம்.

திரும்பும்போது எதிர்க் கரை வழியாக வாருங்கள். இப்போது ஆறு உங்கள் வலது பக்கம். இந்தக் கரை அகலமான புல்வெளியாக இருக்கும், கோடையில் பாதி ஊர் இங்கே விரிப்பு போட்டுப் படுத்திருக்கும். வாவெலின் முழு உருவம் தெரிவது இங்கிருந்துதான். சாயங்கால வெயில் கோட்டையின் மேல் விழும் நேரத்தில், அதாவது கோடையில் ஏழு மணிக்கு மேல், இந்தப் பக்கம் இருக்கும்படி நேரத்தைக் கணக்குப் போடுங்கள். டெம்ப்னிட்ஸ்கி பாலத்துக்குச் சற்று முன்னால், கூரை அலை போல வளைந்த கட்டடம் மங்கா அருங்காட்சியகம். ஜப்பானியக் கலைக்கானது, திரைப்பட இயக்குநர் ஆந்த்ரேய் வைதாவின் முயற்சியில் 1994-இல் திறந்தது, வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் அராத்தா இசோசாகி. பாலத்தில் ஏறிக் கடந்தால் வாவெல் பக்கம் வந்துவிடுவீர்கள்.

ஒரு எச்சரிக்கை: பூங்காவிலும் ஆற்றங்கரையிலும் மது குடிப்பதற்கு அனுமதி இல்லை. பக்கத்தில் நாலு பேர் பீர் வைத்திருப்பதைப் பார்த்து நீங்களும் திறக்காதீர்கள். அபராதச் சீட்டு எழுதும்போது யார் முதலில் குடித்தார் என்று கேட்க மாட்டார்கள்.

மூன்றாம் நடை: ப்வோனியா, யோர்தான் பூங்கா, ருதாவா

பிளான்ட்டியில் கொலேஜியம் நோவும் பக்கத்திலிருந்து மேற்கே பில்சுட்ஸ்கி தெருவில் நேராக நடந்தால், கால் மணி நேரத்தில் கட்டடங்கள் சட்டென்று நின்றுபோய் 48 ஹெக்டேர் புல்வெளி விரியும். அதுதான் ப்வோனியா. நகரத்தின் நடுவே இவ்வளவு பெரிய வெற்று நிலம் எப்படி மிஞ்சியது என்று ஆச்சரியப்படுவீர்கள். பல நூற்றாண்டுகளாக ஊர் மாடுகள் மேய்ந்த பொது மேய்ச்சல் நிலம் இது, இன்றும் இதில் எதுவும் கட்டக் கூடாது. போப் இரண்டாம் ஜான் பால் 1979 முதல் 2002 வரை பலமுறை இங்கே திருப்பலி நடத்தினார். அதன் நினைவாக ஒரு பெரிய கருங்கல் வைத்திருக்கிறார்கள்.

சுற்றி நடந்தால் ஏறத்தாழ மூன்றரை கி.மீ. நிழல் குறைவு, ஜூலை வெயிலில் தொப்பி வேண்டும். வடக்கு ஓரத்தில் சாலையைத் தாண்டினால் யோர்தான் பூங்கா. ஹென்ரிக் யோர்தான் ஒரு மருத்துவர். ஏழைப் பிள்ளைகளுக்கும் ஓடி விளையாட இடம் வேண்டும் என்று 1889-இல் இதைத் தொடங்கினார். ஐரோப்பாவில் பிள்ளைகளுக்காகத் திறந்த முதல் பொது விளையாட்டுப் பூங்காக்களில் இது ஒன்று. சின்னக் குழந்தைகள் இருக்கும் குடும்பங்கள் நேராக இங்கேயே வந்துவிடலாம். ஏ.ஜி.எச். பல்கலைக்கழக மாணவர்களுக்கு வகுப்பிலிருந்து நடக்கும் தூரம்தான்.

ப்வோனியாவின் மேற்குப் பக்கம் ருதாவா என்ற சின்ன ஆறு ஓடுகிறது. அதன் கரை மேட்டில் பாதை இருக்கிறது. தண்ணீர் போகும் திசையில் நடந்தால் சல்வாடோர் பகுதியில் விஸ்துலாவோடு சேரும் இடம் வரும். அங்கிருந்து ஆற்றோரமாகவே வாவெலுக்குத் திரும்பலாம், அல்லது சல்வாடோர் டிராம் முனையத்தில் ஏறிக்கொள்ளலாம்.

போகும் நாளில் கால்பந்துப் போட்டி இருக்கிறதா என்று பாருங்கள். க்ராகோவியா, வீஸ்வா என்ற இரண்டு கிளப்புகளின் அரங்கங்களும் இந்தப் புல்வெளியின் பக்கத்திலேயே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள பகை பழையது, கடுமையானது. கழுத்துத் துண்டோடு கூட்டம் திரள்வதைக் கண்டால் அன்றைக்கு வேறு பக்கம் நடங்கள்.

மேடுகள்

கால் பழகிய பிறகு ஏறுங்கள். இந்த ஊரில் மனிதர்கள் கையால் குவித்த மண்மேடுகள் பல உண்டு. சல்வாடோரிலிருந்து வாஷிங்டன் சாலை வழியாக மரங்களுக்கடியில் ஏறினால் கொஷ்சியூஷ்கோ மேடு. 1820 முதல் 1823 வரை மக்கள் மண் சுமந்து எழுப்பியது, 34 மீட்டர். உச்சிக்குக் கட்டணம் உண்டு. வானம் தெளிந்த நாளில் தெற்கே தாத்ரா மலைத்தொடர் தெரியும். வழியில் இருக்கும் சல்வாடோர் கல்லறைத் தோட்டத்தில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஸ்தனிஸ்வாவ் லெம் அடக்கமாகியிருக்கிறார்.

எதிர்த்திசையில், போட்குஜேக்கு மேலே க்ராகுஸ் மேடு. 16 மீட்டர்தான், ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது, கட்டணம் இல்லை, வேலி இல்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் க்ராகுஸ் மேட்டையே சொல்வேன். மேலே உட்கார்ந்து நகரம் முழுவதையும் சுற்றிப் பார்க்கலாம். காற்று பலமாக அடிக்கும், கூடுதலாக ஒரு மேலாடை எடுத்துப்போங்கள். கீழே தெரியும் கைவிட்ட குவாரியின் விளிம்புக்குப் போகாதீர்கள். அதற்கு அப்பால் உள்ள புல்மேடுகள் ப்வாஷுவ் வதை முகாம் இருந்த நிலம். அங்கே நடந்தால் அதை அறிந்து நடங்கள்.

ஜக்ஷுவெக்

ஆற்றின் எதிர்க் கரையில் உள்ள டெம்ப்னிகி பகுதிக்குத் தெற்கே, சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்று தண்ணீர் நிரம்பிப் பச்சை நீலமாகக் கிடக்கிறது. குவாரி வேலை நின்று, தண்ணீர் இறைப்பதை நிறுத்தியதும் தானாக நிரம்பியது. போர்க்காலத்தில் பிற்காலப் போப் கரோல் வொய்த்திவா இங்கே கல் வேலை செய்திருக்கிறார். 2023-இல் பூங்காவாகத் திறந்து, மிதக்கும் நீச்சல் தளங்களும் அமைத்தார்கள். நுழைவு இலவசம்.

மேல் விளிம்பைச் சுற்றிப் போகும் பாதைதான் நமக்கு. பாறை வெள்ளை, தண்ணீர் பச்சை, தூரத்தில் நகரம். நீச்சல் கோடைப் பருவத்தில் மட்டும், காவலர் இருக்கும் தளத்தில் மட்டும். வேறு எங்கேயும் இறங்காதீர்கள், பாறையிலிருந்து குதிக்கவே குதிக்காதீர்கள். கரையிலேயே ஆழம், கோடையிலும் அடித்தண்ணீர் சில்லென்று இருக்கும். இங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

ஊரின் கிழக்குக் கோடியில்: நோவா ஹூட்டாப் புல்வெளி

பெரும்பாலான பயணிகள் இந்தப் பக்கம் வருவதில்லை. 1949-இல் எஃகு ஆலைக்காகக் கட்டத் தொடங்கிய நகரம் நோவா ஹூட்டா. டிராமில் மத்தியச் சதுக்கத்தில் இறங்கி, தெற்கே பண்பாட்டு மையக் கட்டடத்தைத் தாண்டிப் பாருங்கள். நிலம் சரிந்து, விஸ்துலா ஒருகாலத்தில் வளைந்தோடிய தாழ்வில் 57 ஹெக்டேர் ஈரப் புல்வெளி கிடக்கிறது. ஜூன், ஜூலையில் போனால் நீல வண்ணத்துப்பூச்சிகளைப் பார்க்கலாம். அவற்றுக்காகவே இந்த நிலம் பாதுகாக்கப்படுகிறது. பாதையை விட்டு இறங்காதீர்கள். மழைக்குப் பிறகு சேறாக இருக்கும், பழைய காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கேயும், ஊரின் மேற்குப் பக்கம் உள்ள வோல்ஸ்கி காட்டிலும், உயர்ந்த புல்லில் உண்ணி இருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை முழுக்கால் சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெயோ வெண்ணெயோ தடவக் கூடாது. மருந்துக் கடையில் இதற்கென்றே விற்கும் சின்னக் கருவியாலோ கூர் சாமணத்தாலோ தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள், பிறகு அந்த இடத்தைச் சுத்தம் செய்யுங்கள். எடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போய் உண்ணி கடித்த தேதியைச் சொல்லுங்கள்.